கட்டிலுக்கடியில் அஞ்சு லிட்டர்

எங்கள் காலனியில் ஒன்பது வீடுகளில் பெட்ரோல் இருக்கிறது. பைக் டேங்கில் இருக்கிற பெட்ரோலைச் சொல்லவில்லை. கட்டிலுக்கடியில், அரிசி டிரம்முக்குப் பின்னால், கக்கூஸ் மூலையில், வெள்ளை கேனிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலுமாக இருக்கிற பெட்ரோல். புல் வெட்டுகிற மிஷினுக்கான பெட்ரோல். இந்த ஒன்பது வீட்டில் ஒரு வீட்டுக்கும் வெட்டுவதற்குப் புல் கிடையாது. வாசப்படி இறங்கினால் சிமெண்ட் ரோடு, ரோட்டைத் தாண்டினால் எதிர்வீட்டு வாசப்படி.

புல் இருக்கிற இடம் வேறு. வாலாஜாபாத்திலிருந்து ஒரகடம் வழியாக வண்டலூர் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் பச்சைக் கம்பளம் விரித்தது மாதிரி கொரியன் புல். 1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள், 1998இல் கார் வெளியே வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறந்தார்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக டயர், லாரி, புல்லட் எல்லாம். எங்கள் ஊர் ஸ்டேஷனில் இப்போது காரை ரயிலில் ஏற்றுகிறார்கள். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா பேரில் வந்த ஊர், வெள்ளைக்காரன் பட்டாளத்தை வைத்திருந்த ஊர், இன்று கார் ஏற்றுகிற ஊர். இத்தனை மாற்றத்திலும் மாறாமல் ஒன்று இருக்கிறது. யார் கையில் அரிவாள், யார் வாசலில் புல் என்கிற கணக்குதான் அது.

எங்கம்மா இந்தப் பக்கத்துக் கழனிகளில் களை பறித்தவள். கோரையை வேரோடு பிடுங்கி வரப்பில் எறிய வேண்டும், அறுகு விட்டுவிட்டால் அடுத்த நாள் கூலியில் பிடிப்பான். பொழுது சாய்ந்தால் ஊர்த்தெரு மாட்டுக்கு ஒரு கட்டு புல் அறுத்துத் தலையில் சுமந்து கொண்டுபோய்க் கொல்லைப்பக்கமாகப் போட்டுவிட்டு வர வேண்டும். அதற்குக் கூலி கிடையாது, மோர் ஊற்றுவார்கள். கழனி எல்லாம் கம்பெனியாகிவிட்டது. எங்கம்மா வயசுப் பெண்கள் இன்றைக்கு அதே மண்ணில் குந்திக்கொண்டு கொரியன் புல்லுக்கு நடுவில் முளைத்த கோரையைப் பிடுங்குகிறார்கள். தலையில் தொப்பி, மேலே பச்சைக் கோட்டு, முதுகில் கான்ட்ராக்டர் பேர். வயல் மாறி லான் ஆயிற்று. குந்துகிறவர்கள் மாறவில்லை.

நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். புறத்தே வயிரம் உள்ளதைப் புல் என்றும் அகத்தே வயிரம் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது என்று பாடம் நடத்தினார்கள். பனையும் மூங்கிலும்கூடப் புல்தானாம். கேட்க நன்றாயிருந்தது. ஆனால் அகராதியைப் புரட்டினால் வேறு கதை. கீழ்மக்கள் புல்லர். இழிவு புன்மை. அற்ப அறிவு புல்லறிவு, அதற்குக் குறளில் ஒரு அதிகாரமே உண்டு. வறண்ட நிலம் புன்செய். தமிழில் எதெல்லாம் தாழ்ந்ததோ அதிலெல்லாம் புல் முளைத்திருக்கிறது. இன்று அந்தப் புல் கோடிக்கணக்கில் முதல் போட்ட வாசலில் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. புல் உயர்ந்துவிட்டது. புல்லர் மட்டும் புல்லராகவே இருக்கிறோம்.

*

இந்தப் பெட்ரோல் ஏன் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று சொல்கிறேன்.

என் சின்னம்மா மகன் பிரஷ் கட்டர் ஓட்டுகிறான். தோளில் பட்டை மாட்டி, நீளக் குழாயின் முனையில் சுற்றுகிற நைலான் கயிற்றால் புல்லைச் சீவுவான். கம்பெனிக்குள் மிஷினை வைக்கலாம், பெட்ரோலை வைக்கக் கூடாது. கேட்டில் தீப்பெட்டியையே வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே பெயிண்ட் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, கோடி ரூபாய் மிஷின் இருக்கிறது, தீப்பிடித்தால் என்னாவது என்கிற பயம். நியாயமான பயம். அன்றன்றைக்குத் தேவையான இரண்டு மூன்று லிட்டரைச் சீட்டுப் போட்டு உள்ளே எடுத்துப் போகலாம், மிச்சத்தைச் சாயங்காலம் வெளியே எடுத்துவந்துவிட வேண்டும். கான்ட்ராக்டருக்கு ஆபீஸ் என்று ஒரு அறை உண்டு. அங்கே வைக்கலாமே என்றால், கட்டட ஓனர் ஒத்துக்கொள்ளவில்லையாம், கம்ப்யூட்டர் இருக்கிறதாம். "வூட்ல வெச்சி எத்துனு வா" என்று சொல்லிவிட்டான்.

கம்பெனி பயப்படுகிறது. கட்டட ஓனர் பயப்படுகிறான். பயப்பட உரிமை இல்லாத ஒரே இடம் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஐந்து பேர் படுத்திருக்கிற எங்கள் வீடு.

பங்கில் கேனில் ஊற்றித் தர மாட்டேன் என்கிறார்கள். பாட்டிலில் பெட்ரோல் கிடையாது என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். அதனால் பையன்கள் பைக் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் டியூபை விட்டு வாயால் உறிஞ்சிக் கேனில் இறக்குகிறார்கள். பழைய வண்டி என்றால் டியூபைக் கழற்றிப் பிடிக்கலாம், புது வண்டிகளில் அந்த வசதி இல்லை. அப்புறம் டூ டி ஆயில் கலக்க வேண்டும். சில மிஷினுக்கு லிட்டருக்கு 20 மில்லி, சிலதுக்கு 40 மில்லி. அளக்கிற சாமான் கிடையாது, பிள்ளைக்கு வாங்கின இருமல் மருந்தின் கோடு போட்ட மூடிதான் அளவு. விடியற்காலை நாலரை மணிக்கு, மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நாற்பது வாட்ஸ் பல்பு வெளிச்சத்தில் இந்த ரசாயனக் கூடம் நடக்கிறது. இதற்குக் கூலி இல்லை. வேலை நேரம் கேட்டுக்குள் விரல் வைத்த பிறகுதான் தொடங்குகிறது.

"பயமா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா பயம்? நம்ம வூட்ல கிருஷ்ணாயில் இருந்ததில்லியா? எத்தினி வருசமா அடுப்புகிட்டயே வெச்சி இருந்தோம்? ஒண்ணும் ஆவல" என்றான்.

அவன் சொன்னதில்தான் ஆபத்து இருக்கிறது. தோழர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

*

கிருஷ்ணாயிலோடு எங்களுக்கு மூன்று தலைமுறை உறவு. ரேஷனில் கேன் வரிசை, நீல எண்ணெய், சிம்னி விளக்கு. அந்த விளக்கில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். எங்க தாத்தா வெட்டியான். மழைக்காலத்தில் எருமுட்டை நனைந்துவிட்டால் பிணத்துக்குக் கிருஷ்ணாயில் ஊற்றித்தான் பற்ற வைப்பார். அந்த எண்ணெயின் குணம் எங்களுக்குத் தெரியும். சிந்தினால் துடைத்துவிடலாம், திரி இல்லாமல் சட்டென்று பிடிக்காது. அந்தப் பழக்கத்தைப் பெட்ரோலிடம் காட்டினால் செத்துப்போவோம்.

எரிவது எண்ணெயல்ல, எண்ணெயிலிருந்து கிளம்புகிற ஆவி. கிருஷ்ணாயிலில் பற்றுகிற அளவுக்கு ஆவி கிளம்ப அது ஏறக்குறைய 40 டிகிரி சூடாக வேண்டும். பெட்ரோலுக்குப் பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியிலேயே அந்த ஆவி வந்துவிடும். அதாவது நம்ம ஊரில் மார்கழியிலும் சரி, சித்திரையிலும் சரி, திறந்த பெட்ரோல் எப்போதும் பற்றத் தயாராக இருக்கிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரித் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். தரையில் என்ன இருக்கிறது? படுத்திருக்கிற பிள்ளைகள். கொசுவத்தி. சாமி விளக்கு. பலர் வீட்டில் கேஸ் அடுப்பும் தரையில்தான். கேன் இருக்கிற மூலையில் நெருப்பே இல்லாவிட்டாலும், அடுத்த மூலையில் இருக்கிற நெருப்பைத் தேடிக்கொண்டு பெட்ரோல் போகும். காற்றில் ஒன்றரை சதவீத அளவுக்கு ஆவி கலந்தாலே போதும், பிடித்துக்கொள்ளும்.

கேனைக் கழுத்துவரை நிரப்புகிறார்கள். 20 டிகிரி வெயில் ஏறினால் 5 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 100 மில்லி விரிகிறது. அது எங்கே போகும்? மூடியைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். டூ டி ஆயில் கலந்த பெட்ரோல் சாயம் ஏறிக் கலர் சோடா மாதிரி இருக்கும், அதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தால் வெளியே விளையாடிவிட்டு வருகிற பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வாயால் உறிஞ்சும்போது ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனாலே போதும், நிமோனியா மாதிரி நெஞ்சு வெந்துபோகும். குடித்துவிட்டவர்களுக்கு உப்புத்தண்ணி கொடுத்து வாந்தியெடுக்க வைப்பார்கள் நம் பெண்கள். செய்யவே கூடாது. வாந்தியில் வருவது திரும்பவும் மூச்சுக்குழாயில் போகும், நேரே ஆஸ்பத்திரிதான். பெட்ரோலில் இருக்கிற பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பே பட்டியலிட்டிருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். மூடி சரியில்லாத கேன் மழைக்காலத்தில் கிடந்தால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும், மிஷின் மக்கர் பண்ணும். ரிப்பேர் செலவைக் கான்ட்ராக்டர் கூலியில் பிடிப்பான்.

இதில் ஒன்றையும் என் தம்பிக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மிஷினோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் கான்ட்ராக்டர் ஆபீசில் இருந்தது.

*

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பிடித்தது. விடியற்காலை. அவன் வாசற்படியில் கேனிலிருந்து பாட்டிலுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறான், அவள் எட்டடி தள்ளி உள்ளே டீ போட அடுப்பைப் பற்ற வைக்கிறாள். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினோம். யாரோ குடத்துத் தண்ணீரை ஊற்றினார்கள், பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்துகொண்டு எரவாணம்வரை எரிந்தது. மண்ணை அள்ளிப் போட்டுத்தான் அணைத்தோம். அவளுக்கு இரண்டு கையும் ஒரு காலும் வெந்துவிட்டன. முதலில் செங்கல்பட்டு, அப்புறம் கீழ்ப்பாக்கம் தீக்காய வார்டு. உயிர் பிழைத்தாள். விரல்கள் இன்னும் முழுசாக மடங்கவில்லை.

கான்ட்ராக்டர் வந்தான். "கம்பெனிக்குள்ள நடந்திருந்தா பாத்திருக்கலாம். இது வூட்ல நடந்தது" என்றான். சட்டத்திலும் அதே வாசகம்தான். வேலையின் காரணமாக, வேலையின் போது நடந்த விபத்துக்குத்தான் இழப்பீடு. அவள் அங்கே வேலை செய்கிறவளும் இல்லை. கம்பெனியின் எரிபொருள் கிடங்கில் சம்பளமில்லாத காவல்காரியாக இருந்தாள், அவ்வளவுதான். அதற்கு ஐ.டி. கார்டு கிடையாது.

போலீஸ் வந்தது. மிச்சம் மூன்று பாட்டிலைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "எவன் வூட்டக் கொளுத்தடா வெச்சிருக்கீங்க?"

யார் யாரைக் கேட்பது? 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் குடிசைக்குள் வெந்துபோன 44 பேர் யார்? 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் எரிந்தவை யார் வீடுகள்? இந்த நாட்டில் நெருப்பு எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போயிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டில் ஒரு பாட்டில் எரிபொருள் இருந்தால் அது ஆயுதம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை, கந்துவட்டிக் கொடுமையில் ஒரு கூலித்தொழிலாளி மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் எரிந்துபோனார். அதற்கப்புறம் மனு கொடுக்கப் போகிற ஏழைகளின் பையைத் துழாவிப் பார்க்கிறார்கள். கந்துவட்டிக்காரன் பையை யாரும் துழாவியதாக நான் கேள்விப்படவில்லை.

அன்றைக்கு ஸ்டேஷனில் எங்களைக் காப்பாற்றியது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று. 1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டம், எட்டாம் பிரிவு. விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர்வரை பெட்ரோல் வைத்திருக்க உரிமம் வேண்டாம். இதை வழக்கறிஞர் தோழர் ஒருவர் எடுத்துக்காட்டியதும் இன்ஸ்பெக்டர் குரல் இறங்கியது. ஒவ்வொரு காலனியிலும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கூடவே அடுத்த வரியையும் தெரிந்துகொள்ள வேண்டும். இறுக்க மூடிய பாத்திரத்தில்தான் வைக்க வேண்டும். கண்ணாடியோ பீங்கானோ என்றால் 1 லிட்டருக்கு மேல் பிடிக்கக் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் அந்த வரியிலேயே இல்லை. ஆக, எங்கள் பையன்கள் பெட்ரோல் வைத்திருந்தது குற்றமில்லை, கான்ட்ராக்டர் கொடுத்த பாத்திரம்தான் சட்டத்துக்குப் புறம்பு. இதை ஸ்டேஷனில் யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

*

இன்னொரு சட்டமும் இருக்கிறது, புத்தம்புதுசு. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துவிட்டு, 2020இல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளி கூடாது என்கிறது அது. கேட்க நன்றாயிருக்கிறது. மையப் பணி இல்லாதவை எவை என்று கீழே ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். கூட்டுவது, துடைப்பது, குப்பை அள்ளுவது. காவல் காப்பது. சமையல். மூட்டை ஏற்றி இறக்குவது. துணி வெளுப்பது. தோட்டவேலை, புல்வெளிப் பராமரிப்பு. ஆமாம், புல்வெளி என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். நிறுவனமே அந்த வேலைக்காக நடத்தப்பட்டாலொழிய இவையெல்லாம் மையத்துக்கு வெளியே.

இந்தப் பட்டியலை எங்க தாத்தாவுக்கு வாசித்துக் காட்டியிருந்தால் சிரித்திருப்பார். தோட்டி, தலையாரி, வண்ணார், வெட்டியான் என்று ஊர்க் கணக்கில் இருந்த பட்டியல்தானே இது? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். மையம் என்பது ஊர். மையத்துக்கு வெளியே என்பது சேரி. சட்டம் எழுதியவர்கள் சாதியை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள் என்று சிலர் சொல்வார்கள். நினைக்காமலே இப்படி எழுத வருகிறது என்பதுதான் விஷயம்.

வேலையை வெளியே தள்ளினால் வேலையின் ஆபத்தும் கூடவே வெளியே போகும். அது காற்றில் கரைந்துவிடாது, ஏதாவது ஒரு வீட்டில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்த வீடு எங்கள் வீடு. கம்பெனி வாசலில் விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று போர்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாக்கத்தில் அவள் கிடந்த நாட்களிலும் அந்த எண் ஏறிக்கொண்டேதான் இருந்தது.

*

மனு எழுதினோம். நான்தான் எழுதினேன், பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பெட்ரோலைக் கம்பெனி வளாகத்திலேயே, கட்டடத்திலிருந்து தள்ளிக் காற்றோட்டமான ஒரு கொட்டகையில் பூட்டி வை. இரும்பு கேன், புனல், அளவுக்குவளை கொடு. கலக்குகிற நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கெடு. வெந்துபோன பெண்ணின் வைத்தியச் செலவைக் கொடு. நாலே கோரிக்கை. மறுநாளே இரண்டு பேரை வேறு சைட்டுக்கு மாற்றினான் கான்ட்ராக்டர். ஐந்து பேர் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அவர்கள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். ஒரு மாதம் கழித்து நாலு இரும்பு கேன் வந்தது. கொட்டகை வரவில்லை. வைத்தியச் செலவு வரவில்லை. பாத்திரம் மாறியது, இடம் மாறவில்லை.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? காலனிக் கடைசியில் வேப்பமரத்து நிழலில், எந்த வீட்டிலிருந்தும் தள்ளி, செங்கல் வைத்து நாலுபக்கமும் அடியில் சந்து விட்டு ஒரு பெட்டி கட்டினோம். ராத்திரி ஒன்பது வீட்டுக் கேனும் அங்கேதான். பக்கத்தில் இரண்டு வாளி மணல். கேனில் முக்கால்தான் நிரப்ப வேண்டும். வெளிச்சம் வந்த பிறகு, கேனைத் தரையில் வைத்துத்தான் ஊற்ற வேண்டும். வாயால் உறிஞ்சக் கூடாது, கையால் அமுக்குகிற பம்பு வாங்கியிருக்கிறோம். ஓடின மிஷின் ஆறாமல் நிரப்பக் கூடாது. பீடி பத்தடிக்கு அப்பால். சாவி கைவெந்த அந்தப் பெண்ணிடம் இருக்கிறது, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். யார் வந்து கேட்டாலும் மூடியை ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தருகிறாள்.

இது நல்ல ஏற்பாடு என்று சில தோழர்கள் பாராட்டினார்கள். சமூகமே தன்னைக் காத்துக்கொள்ளும் முன்மாதிரி என்று ஒருவர் எழுதவும் செய்தார். எங்களுக்கு அந்தப் பாராட்டு வேண்டாம். அடுத்தவன் ஆபத்தை நாங்கள் ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். லாபம் புல்லின் பக்கம் இருக்கிறது, எரிகிறது எங்கள் பக்கம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கத்துக் காலனிகளில் வேலை செய்கிற தோழர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் இப்படி கேன் இருக்கிறது என்று எண்ணுங்கள். எந்த சைட், எந்த கான்ட்ராக்டர், எத்தனை லிட்டர், என்ன பாத்திரம் என்று எழுதுங்கள். தொழிற்சங்கத்துக்குக் கொடுங்கள், தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிக்குக் கொடுங்கள். கேட்டுக்குள் நிரந்தரத் தொழிலாளிக்காகப் பேசுகிற சங்கங்கள், கேட்டுக்கு வெளியே ராத்திரியில் கட்டிலுக்கடியில் இருப்பதையும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

புல் யாருடையதோ, பெட்ரோலும் அவர்கள் இடத்தில் இருக்கட்டும்.